காலையில் ஓடிய சிவப்பு

துரோண்ஹைம், திங்கட்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு இங்குன் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? அப்பா இந்தக் குளிரிலும் படகை எடுக்கிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

நாங்கள் செய்த புது ஸ்கேன் கருவி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. பட்டன் அளவுதான். பிறந்த குழந்தையின் உச்சிக்குழியில் ஒட்டிவிட்டால் மூளைக்குள் ரத்தம் ஓடுவது திரையில் விடாமல் தெரியும். முதலில் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு ஒட்டினோம். காலையில் மயிரிழை போன்ற நாளங்கள்கூடச் சிவப்பாகத் தெரிந்தன. எங்கள் குழுத் தலைவர் ஹோகொன் என் தோளைத் தட்டினார். மத்தியானம் ரத்த ஓட்டம் மெலிந்தது. டாக்டர்கள் உடனே கவனித்து, முடிந்ததையெல்லாம் செய்தார்கள். சாயங்காலம் குழந்தை போய்விட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. கருவியில் ஒரு பழுதும் இல்லை, அம்மா.

குழந்தையின் தாய் சீரி என்னிடம் வந்தாள்.

"இந்த மெஷின் நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க," என்றேன். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"காலையில செவப்பா ஓடிச்சே, அந்தப் படத்தை மட்டும் குடுப்பீங்களா? அவ கண்ணே தொறக்கல. அவ உசுரு அசைஞ்சதை நான் பார்த்தது அதுல மட்டுந்தான்."

டாக்டரிடம் கேட்டுவிட்டு அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

கவலைப்படாதீர்கள், வேலை நன்றாகத்தான் போகிறது. அப்பா காயவைத்த மீன் கொஞ்சம் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் நீங்கள் பாட்டுக்குச் சமையல் வேலையைப் பாருங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்,
இங்குன்