பினாங்கில் பகல் சோறு

9.8.1968, வெள்ளி இரவு

கப்பலால் இறங்கி இன்று பின்நேரம்தான் கிண்ணியாவுக்கு வந்தேன். கூடப் பிறந்த ராத்தா வாசலிலேயே கேட்டாள்: "பினாங்கில மச்சானைக் கண்டாயா?"

"ஓம், கண்டனான். சுகமா இருக்காரு. நாள் முழுக்க ஊரைச் சுத்திக் காட்டினாரு."

மேலே கேட்க விடாமல் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். தண்டவாளத்தில் மலை ஏறும் கோச்சி, சீனக் கோயிலில் நெளியும் பாம்புகள், மணிக்கூட்டுக் கோபுரம். நான்கு வருடமாகப் புருஷன் வராத பெண்ணுக்குப் பாம்புக் கதை! அன்று மச்சானும் இதைத்தான் செய்தார். நான் ராத்தாவின் பேச்சை எடுத்த போதெல்லாம், "அங்க பாருங்க தம்பி" என்று எதையாவது காட்டினார். தன் வீட்டை மட்டும் காட்டவில்லை.

பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். ராத்தாகூடச் சிரித்தாள். தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "பகல் சோறு எங்க திண்டீங்க?"

"கடையில," என்றேன், யோசிக்காமல். சனியன் பிடித்த வாய்.

அவள் கை அப்படியே நின்றது. மனைவியின் தம்பியைக் கடையில் உட்கார வைத்துச் சோறு கொடுக்கிறவன் எங்கள் பக்கத்தில் இல்லை. அந்த வீட்டில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று எனக்கு அங்கேயே விளங்கியது. ராத்தாவுக்கு இப்போது விளங்கிவிட்டது.

அவள் அழவில்லை. என் சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தாள்.

"தின்னு தம்பி. புள்ளைகளுக்கு அந்தப் பாம்புக் கதையை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னேன்.