மஞ்சள் தாள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். மினியாபொலிஸ் குளிர்தான் ஒத்துவரவில்லை.

போன வாரம் ஒரு கூத்து. என் ஆராய்ச்சிக்காக ஒரு பள்ளியில் நம் கறுப்பினப் பெண்பிள்ளைகளிடம் பேசப் போனேன். கேள்விகளை மஞ்சள் தாளில் அச்சடித்திருந்தேன். எட்டாம் வகுப்பு ஜனேயா அதைப் பார்த்ததுமே பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"இப்ப நான் என்ன பண்ணேன்? வாயே திறக்கலையே!"

அங்கே சஸ்பெண்ட் செய்து, பெற்றோர் கையெழுத்துக்குக் கொடுத்தனுப்பும் தாளும் மஞ்சள்தானாம். இந்த வருஷம் மூன்று வாங்கிவிட்டாள்.

"உன் வயசுல எனக்கும் ஒண்ணு குடுத்தாங்கடி. எங்கம்மா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க" என்றேன்.

"சும்மா கதை விடாதீங்க, மிஸ் கெண்ட்ரா!" என்றாள். ஆனால் பையை இறக்கிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினாள்.

தூங்கும்போது பின்னல் கலையாமல் தலைக்குப் போட ஒரு சாட்டின் குல்லா அனுப்புங்கள். இங்கே தலை பின்னிவிட ஆளில்லை. நானே பின்னினால் பின்பக்கம் கோணலாகிறது. பைபிளுக்குள் வைத்திருக்கிறீர்களே, என் பழைய மஞ்சள் தாள், அதையும் அனுப்புங்கள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் "என் மகள் கேள்விதான் கேட்டாள்" என்று எழுதினீர்களே, அதை ஜனேயா கண்ணால் பார்க்கட்டும்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் கெண்ட்ரா