தூக்காத கை

லுணுகலை, 1982

அக்கா,

நேற்று நம் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்தின் மாதர் மாநாடு. வெளிநாட்டுப் பெண்கள் இயக்கத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள். "இந்தத் தோட்டத்துல மொதல்ல எந்திரிச்சுப் பேசுன பொம்பள யாருன்னு கேக்குறாங்க" என்றார் தலைவர்.

ஏழு வருடத்துக்கு முன் சங்கக் கூட்டத்தில் நீங்கள்தானே எழுந்தீர்கள்? "ஆம்பளைங்களுக்கு ரெண்டு மணிக்கே வேலை முடியுது. நாங்க மட்டும் ஏன் அந்தி வரைக்கும் கொழுந்து எடுக்கணும்?"

"ஒத்துக்கிறவங்க கை தூக்குங்க" என்றார்கள். உங்களோடு தூக்குவதாகச் சத்தியம் செய்திருந்த நான், என் புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். உங்கள் கை மட்டும் தனியாக நின்றது.

தோட்டத்துத் துரை வேலைப் பதிவிலிருந்து உங்கள் பேரை வெட்டினார். அந்த வருடமே ஸ்டேஷனில் இந்தியக் கப்பலுக்குப் போகும் கோச்சி ஏறினீர்கள்.

நேற்று நான் கையைத் தூக்கினேன், அக்கா. "நான்தாங்க" என்றேன்.

எல்லோரும் கைதட்டினார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள்