மாதம் நான்கு மணி நேரம்

மார்ச் 4, புதன்

எல்லோருக்கும் ஒரே விதி என்றால் அது நியாயமான விதியாகிவிடுமா? காலையிலிருந்து யோசிக்கிறேன்.

எங்கள் கூட்டுறவுக் கடையில் உறுப்பினர்களுக்குக் காய்கறி பாதி விலை. மற்றவர்களுக்கு வெளிக்கடை விலைதான். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் நான்கு மணி நேரம் மூட்டை பிரிக்கிறோம், எடை போடுகிறோம், தரை துடைக்கிறோம். தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டால் அட்டை ரத்து. அந்த வரியை எழுதியவள் நான். கடையில் எனக்குப் பெயரே ‘சட்டம்’.

ரத்துக்கு வந்திருக்கும் முதல் அட்டை, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண்ணுடையது.

மார்ச் 7, சனி

அவள் வந்திருந்தாள். பீன்ஸ், கீரை, ஒரு கிலோ கொண்டைக்கடலை. கணவருக்குச் சர்க்கரை நோய்.

“எனக்கு எப்போ டூட்டின்னு முந்தின நாள்தான் சொல்றாங்க, மேடம். ரெண்டு மாசமும் இங்க வர்றதுக்குப் பேர் குடுத்தேன். ரெண்டு தடவையும் அங்க கூப்பிட்டுட்டாங்க. இந்தக் கடைக்கு வந்தப்புறம்தான் அவருக்குச் சர்க்கரை எறங்குச்சு. அதுக்கு முன்னாடி பன்னும் டீயும்தான்.”

பொதுக்குழுவில் வந்து சொல்லுங்கள் என்றேன்.

“அன்னிக்கு டூட்டி போடலேன்னா வர்றேன்.”

மார்ச் 10, செவ்வாய்

தங்கை போனில்: “இல்லாதவங்களுக்குன்னு கடை தொறந்துட்டு, வேலைவெட்டி இல்லாதவங்களை மட்டும் வெச்சுக்கப் போறீங்களா? நல்லா இருக்குக்கா உங்க நியாயம்.”

மார்ச் 12, வியாழன்

மழை. வெங்காய மூட்டை நனைந்துவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

பொதுக்குழு. அவளுக்கு டூட்டி, வரவில்லை.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்தார். “எனக்கும்தான் முட்டி தேஞ்சு போச்சு. நான் வரலையா? ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு மூட்டை தூக்க ஈ காக்கா வராது.”

“உங்க முட்டிக்குப் பென்ஷன் வருதுண்ணே. அவளுக்கு என்ன வருது?” என்றார் தையல்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் டிரைவர் சொன்னதும் பொய்யில்லை.

கை தூக்கச் சொன்னார்கள். செயலாளர் என்பதால் நான் எண்ணினேன். ரத்து செய்யலாம்: பதினான்கு. வேண்டாம்: பதின்மூன்று. நான் எதற்கும் தூக்கவில்லை. எண்ணுகிறவள் ஒரு பக்கம் சாயக் கூடாது என்று —

யார் சொன்னது? அப்படி ஒரு விதி இல்லை. எழுதினவ நான், எனக்குத் தெரியாதா? சமமாக வந்தால் தீர்மானம் விழும் என்று மட்டும் இருக்கிறது. ஒரு கை. அதைத் தூக்கறதுக்கு என்ன கேடு எனக்கு?

மார்ச் 16, திங்கள்

அவள் வந்தாள். நான் கேட்பதற்கு முன்பே அட்டையை மேசைமேல் வைத்தாள். வெளியாள் விலையைச் சொன்னேன். பீன்ஸில் பாதியைக் கூடையில் திரும்பக் கொட்டினாள். கடலைப் பக்கம் போகவில்லை.

“ஒரு ஓட்டுல போயிடுச்சாமே, மேடம். நீங்க எனக்குக் கை தூக்கினீங்கல்ல?”

“இல்லை” என்றேன்.

அவள் பீன்ஸைப் பையின் அடியில் போட்டு, கீரை நசுங்காமல் மேலே வைத்துக்கொண்டு கிளம்பினாள்.