பொட்டு தெரிந்தது, விரிசல் தெரியவில்லை

செவ்வாய்க்கிழமை

பாரம் தூக்கும் சங்கிலியில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். இடம் தெரியட்டும் என்று பக்கத்தில் என் நெற்றிப் பொட்டை ஒட்டிப் போட்டோ எடுத்து, கம்பெனி ஆப்பில் அனுப்பினேன்.

சூப்பர்வைசர் தன் போனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாக்கா, சங்கிலிக்குக் கண்ணாலமா? பொட்டு கீது, விரிசல் எங்க?"

"மாப்பிள்ளை நீங்கதான் சார்," என்றேன்.

அனுப்பும் முன்பே ஆப் என் போனுக்குள் படத்தைச் சின்னதாக்கிவிடுமாம். கூட வேலை செய்யும் பொன்னேரி மேரி சொன்னாள். உடனே என் போனிலிருந்த பெரிய படத்தை அவரிடம் காட்டினேன். விரிசல் பளிச்சென்று தெரிந்தது.

"ஆப்ல வர்றதுதான்க்கா செல்லும்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் விரிசலைப் பெரிதாக நினைக்கவில்லை என்றே நம்பியிருப்பேன். ஆனால் சாயங்காலம் அந்தச் சங்கிலிக்கு அடியில் போகாமல் சுற்றிக்கொண்டு போனார். நாளைக் காலை அதனடியில் நிற்க வேண்டியவள் நான். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால்தான் நானும் நிற்பேன்.