பெண்கள் பக்கத்துப் பாய்

சாலவாக்கம்,
14-12-1958.

அன்புள்ள செங்கேணிக்கு,

உன் கணவன் ஐசக் எழுதுவது. நான் சுகம். அங்கே அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டப்போகும் எல்லப்பன் மச்சானுக்கு என் வணக்கம். மச்சான், உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கும், அது நியாயம்தான். ஆனால் ஒரு வரியையும் விழுங்காமல் உங்கள் தங்கைக்குப் படித்துக் காட்டுங்கள்.

ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிகிறது. நம் வீட்டுக் கூரை மேற்கு மூலையில் ஒழுகுகிறது. ஓலை வாங்கி வைத்திருக்கிறேன், நான் மேலே ஏறினால் கீழேயிருந்து எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. உன் வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் பெட்டை. சமையல் நானேதான். ஒரு நாள் குழம்பில் உப்பே இருக்காது, மறுநாள் உப்புதான் குழம்பு.

உங்கள் தென்னேரிக்குக் கருமாதிக்கு வந்துபோன நம் தெருச் சிட்டம்மாள் ஒரு சேதி சொன்னாள். பொங்கல் கழித்துப் பெரியவர்களைக் கூட்டி நம் இருவரையும் பிரித்துத் தீர்த்துவிடப் போகிறார்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் எடுத்த இந்த இரண்டு வருஷமாக நீயும் எடு, நீயும் எடு என்று உன்னைப் பிடுங்கி எடுத்தேன். நடவிலும் விடவில்லை, சாப்பிடும்போதும் விடவில்லை. ஆடியில் நீ அம்மனுக்குக் காய்ச்சிய கூழைச் சட்டியோடு வாசலில் கவிழ்த்தேன். கூழுக்கு ஏங்கி வளர்ந்தவன் செய்கிற காரியமா அது? நீ அழவில்லை. “நீ பக்கத்துல நிக்காம ஆத்தா எதிர்ல நான் மட்டும் இன்னான்னு நிக்கிறது?” என்று கேட்டாய். சட்டியைக் கழுவி வைத்துவிட்டுத் தென்னேரிக்கு நடந்துவிட்டாய். உன் ஆத்துமாவுக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நானும் அதை நம்பினேன்.

போன ஞாயிறு வேதகிரி ஞானஸ்நானம் எடுத்தான். என்னோடு வரப்பு வெட்ட வருகிறானே, அவன்தான். “ஒன் பேஜார் தாங்கல, ஒத்துக்கினேன், வுடு” என்று சிரித்தான். உபதேசியார் ஞானதாஸ் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால் ஒரு ஆத்துமா வந்தது ஐசக் என்று கண் கலங்கினார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை, செங்கேணி. நம் ஜெபக்கூடத்தில் ஆண்களுக்கு ஒரு பாய், பெண்களுக்கு ஒரு பாய். நான் பெண்கள் பக்கத்துப் பாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிழவி பாக்கியமேரி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். ஊரே வந்து அந்தப் பாயை நிரப்பினாலும் எனக்கு அது காலிப் பாய்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் நான் கேட்டது உன்னைத்தான். நான் நம்புவதை நீ நம்பாவிட்டால் அது பாதி பொய் போல எனக்குப் படுகிறது. வீட்டில் தனியாக ஜெபம் சொல்லி முடித்தால் ஆமென் சொல்ல ஆள் இல்லை. செத்த பிறகு நீ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் போய்விடுவோமோ என்ற பயம் வேறு. அந்தப் பயம்தான் கோபமாக உன்மேல் பாய்ந்தது. அன்று நீ கேட்டதும் இதையேதான். உனக்கும் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. என் காதில் விழவில்லை.

நான் என் ஆண்டவரை விடமாட்டேன். பொய் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு இஷ்டமில்லை. நீயும் உன் ஆத்தாவை விடவேண்டாம். மாடத்தில் விளக்கேற்று, நான் கை வைக்கமாட்டேன். ஜெபத்துக்கு வா என்று ஒரு நாளும் கூப்பிடமாட்டேன். நான் போய்த் திரும்பும்போது வீட்டில் நீ இருந்தால் போதும். மச்சான், பெரியவர்களைக் கூட்டவேண்டாம். நீங்களே வந்து என்னை நாலு அறை அறைந்துவிட்டு, அவளை இங்கே விட்டுவிட்டுப் போங்கள்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக என்று எழுதித்தான் கடிதத்தை முடித்துப் பழக்கம். உனக்கு அப்படி எழுதினால், மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்பாய். ஆகவே உன் ஆத்தா உன்னைக் காப்பாற்றட்டும். இப்படி எழுதியதற்கு என் ஆண்டவர் என்னை என்ன நினைப்பாரோ தெரியவில்லை. ஆனாலும் நீ அவள் சொன்னால்தானே கேட்பாய்? உன்னை என்னிடம் அனுப்பிவைக்கச் சொல்லி அவளையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
ஐசக்