நாற்பத்தோராவது இலக்கம்

ஜூன் 2, ஞாயிறு
அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. அத்தான் ஒரு தாளை நீட்டினார். "பின்னாலேர்ந்து படிச்சாலும் அதே எண்தான், மாப்ளே. பகா எண் வேற. உங்க காலேஜ் மலர்ல போடுவாங்களா?"

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். மூன்று வருடமாக இப்படிப்பட்ட எண்களைத் தேடி நோட்டு நோட்டாக எழுதுகிறார். இரு முனையிலும் சில இலக்கங்கள், நடுவில் கண் கூசும் அளவுக்குப் பூஜ்யங்கள். விரலால் தொட்டு எண்ணினேன். நாற்பது இலக்கம்.

"இரட்டைப்படை இலக்கத்துல ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா பதினொண்ணால வகுபடும், அத்தான். பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும்."

அக்கா சிரித்தாள். "கம்ப்யூட்டர் பகா எண்ணுன்னுதானே சொல்லிச்சு..." என்றார் அத்தான்.

"என்னத்தப் போட்டுக் கேட்டீங்களோ!"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஜூன் 5, புதன்
மலருக்குக் கட்டுரை அனுப்பிவிட்டேன். அரைகுறைக் கணித ஆர்வலர்களைப் பற்றி. அத்தானின் எண் எடுத்துக்காட்டு. அவர் 'ஓர் உறவினர்'. பெயர் போடாத என் நாகரிகம் எனக்கே பிடித்தது. மலர் அச்சாவது அவருடைய அச்சகத்தில்தான். ஆனால் அவர் பாடநூல் பிரிவு. விசாரித்துவிட்டேன்.

ஏன் விசாரித்தேன்?

ஜூன் 10, திங்கள்
அக்கா போனில்: "என்னடா சொன்னே அவர்கிட்ட? நோட்டையெல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டார். சும்மா உக்காந்து சுவத்தைப் பாக்கறார்."

ஜூன் 11, செவ்வாய்
தாள் சட்டைப் பையில் இருந்தது. எண்ணினேன். நாற்பத்தொன்று. மூன்று மூன்றாகக் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று.

ஒரு பூஜ்யத்தை விழுங்கியிருக்கிறேன். பேராசிரியர்!

முழு எண்ணையும் கணினியில் ஏற்றினேன். கண் இமைக்கும் முன் பதில்: பகா எண். ஒன்றையும் அதையும் தவிர எந்த எண்ணும் அதை மீதியின்றி வகுக்காது. சாப்பாட்டு மேசையில் நான் ஒருவன்தான் வகுத்தேன்.

ஜூன் 12, புதன்
கட்டுரையைத் திரும்பப் பெற ஒரு போன் போதும். போன் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு
சொல்வதற்கென்றே போனேன். குழாய்க் கசிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். கிளம்பும்போது அத்தான் கேட்டார்: "ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?"

"இல்லையே, அத்தான்."

ஜூன் 20, வியாழன்
கட்டுரையின் மெய்ப்பு வந்தது. பச்சை மை. அத்தானின் கையெழுத்து. மலரைப் பார்க்கிறவர் விடுப்பில் போய்விட்டாராம்.

எண்ணின் நடுவே ஒரு செருகல் குறி, ஓரத்தில் '0'. 'நாற்பது இலக்கம்' என்ற இடத்தில் 'ஆசிரியர் கவனிக்க'. பொருளில் கை வைப்பதில்லை என்பது அவர் தொழில் ஒழுக்கம். அவரை நான் ஏளனம் செய்த வாக்கியத்தில் விடுபட்டிருந்த காற்புள்ளியைக்கூடப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

என்ன மனுஷன் இவர்... நாலு வார்த்தை திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா?

ஜூன் 21, வெள்ளி
கட்டுரையைத் திரும்பப் பெற்றேன். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் அனுப்பினேன்: நாற்பத்தொரு இலக்கமும், கண்டுபிடித்தவர் பெயரும். கீழே, 'அவசரத்தில் நான் தவறாக எண்ணி, இது பகா எண் அல்ல என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வருந்துகிறேன்.'

ஜூன் 27, வியாழன்
காலையில் அக்கா: "ஏணி கொண்டு வாடா. நோட்டையெல்லாம் பரண்லேர்ந்து இறக்கணுமாம்."

மதியம் மெய்ப்பு வந்தது. அதே பச்சை மை. இம்முறை பொருளில் கை வைத்திருந்தார், ஒரே இடத்தில். 'அவசரத்தில்' அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில்: 'மிகை.'

சரி என்று கையெழுத்திட்டு அனுப்பினேன்.